காற்று இறங்காத பை

அந்தப் பையில் காற்று இருந்தது. ரோகிணியை முதலில் உறுத்தியது அதுதான்.

பூண்டு மூட்டைகளுக்கு நடுவே திணித்துக் கொண்டுவந்த சாக்கை அவிழ்த்து வேலப்பன் அதை எடுத்து நீட்டியபோது, வற்றிச் சுருங்கிய ஒரு தோல்துண்டைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். பழைய ஸ்பீடு பேக் எல்லாம் அப்படித்தான் வரும். குத்துச்சண்டைக்காரர்கள் கைவேகத்துக்காகப் பலகைக்கு அடியில் தொங்கவிட்டுத் தட்டிப் பழகும் சின்னத் தோல்பை அது. உருவத்தில் பேரிக்காய், அளவில் ஓர் ஆளின் தலை. உள்ளே ரப்பர் பிளாடர் இருக்கும். புதுப் பிளாடரே சில வாரங்களில் காற்றிறங்கித் தொய்ந்துவிடும். இந்தப் பையோ மேலே மலையில் பூண்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் வேலப்பனின் தோட்டத்துப் பழைய பங்களாவில், பூண்டு காயப்போடும் அறையில், அவருக்கு விவரம் தெரிந்த காலத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். தோல் உள்ளே போனது. பிறகு நிதானமாகத் திரும்பி வந்து விரலைத் தள்ளியது.

"இதுக்குக் காத்து அடிச்சீங்களாண்ணே?"

"நான் எங்கங்க அடிச்சேன்? அதுபாட்டுக்குத் தொங்கிட்டுக் கெடந்துச்சு. கழட்டிக் கொண்டாந்தேன்." வேலப்பன் ஜீப்பை அணைக்கவே இல்லை. மலையிறங்கி வந்தால் டீ குடிக்காமல் போகாத மனிதர். "வீட்டுல சோலி கெடக்குங்க. வெரசாப் போகணும்."

ஜீப் திரும்பி மேலேறும் சத்தம் பனிக்குள் கரைந்த பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். பை கையில் கனக்கவில்லை. ஆனால் குளிரவும் இல்லை. சாக்கு, பூண்டு, அவள் விரல், வாசல் கம்பி, எல்லாம் சில்லிட்டுக் கிடந்த அந்த மத்தியானத்தில் பை மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

நாயுடுபுரத்துச் சரிவில் இருந்த அந்த வாடகை வீட்டின் முன்னறைதான் அவளுக்குப் பட்டறை. ஏரியைச் சுற்றும் சவாரிக் குதிரைகளுக்குச் சேணம் தைத்துக் கொடுப்பது பிழைப்பு. பழைய ஸ்பீடு பேக்குகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வது அவளும் கணவர் குமரகுருவும் சேர்ந்து வளர்த்துக்கொண்ட பைத்தியம். கல்யாணமான புதிதில் குமரகுரு பள்ளிப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பைக்கில் கிளம்பி, காலி பங்களாக்களின் சாமான் அறைகளையும் மூடிப்போன கிளப்புகளையும் குடைவார்கள். அவள் தைப்பாள், அவர் தட்டிப் பார்ப்பார். தட்டும் சத்தத்தை வைத்தே தோல் ஆடா மாடா, தையல் ஒற்றையா இரட்டையா என்று சொல்லிவிடுவார். சுவர் முழுக்கப் பைகள்.

நுரையீரல் தழும்பேறி இறுகத் தொடங்கிய பிறகு எல்லாம் மாறியது. இப்போது உள்ளறைக் கட்டிலில் சாய்ந்தபடி, மூக்கில் குழாயோடு, அவள் தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க ஒரு கிழட்டு மிருகம்போல் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலுக்குள் அவருடைய இழுப்பைத் தேடித் தேடியே அவள் காதுகள் எப்போதும் விழித்திருந்தன. தைக்கும்போதும் தேடும். சமைக்கும்போதும் தேடும்.

"என்ன வந்துருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டார். அந்த இரண்டு சொற்களுக்குள் இரண்டு இடத்தில் மூச்சுக்கு நின்றார்.

"பூண்டியிலருந்து ஒரு பைங்க. பழசு. ரொம்பப் பழசு."

மேசையில் வைத்து விளக்கை இழுத்துக்கொண்டாள். பக்கவாட்டில் இருந்த பிளவைக் கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். கயிறு கருத்து, விரல்பட்டு மெழுகேறி இருந்தது. ஒவ்வொரு கண்ணாக அவிழ்த்தாள். உள்ளே பிளாடரின் நீண்ட கழுத்து மடித்து நூலால் சுற்றப்பட்டிருந்தது. பம்பு வருவதற்கு முந்திய காலத்துச் சாமான்; வாயால் ஊதி, மடித்து, கட்டிவிட வேண்டும். இத்தனை வருடத்தில் ரப்பர் கல்லாக இறுகி வெடித்திருக்க வேண்டும். இதுவோ நாக்கைப்போல் மிருதுவாக இருந்தது.

நூலை வெட்டினாள்.

சீறல் வரவில்லை. தூக்கத்தில் புரண்டு படுப்பவர் விடுவதைப்போல ஒரு நெடுமூச்சு வந்தது. அவள் கன்னத்தில் ஈரமும் சூடுமாகப் பட்டு, காதோரத்து முடியை விலக்கி, கழுத்தில் இறங்கியது. பூண்டு வாசனை, அடுப்புப் புகை, அதற்கு அடியில் விடிந்தும் பல் விளக்காத ஒரு வாயின் வாசனை. தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மூச்சு நிற்கவில்லை. அத்தனை சின்னப் பைக்குள் எப்படி அடைந்திருக்க முடியும் என்று அவள் நினைத்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. மேசை விளக்கின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. உள்ளறைக் கதவின் திரை ஒருமுறை உட்பக்கமாக உப்பி, மெல்லத் தாழ்ந்தது.

உள்ளே குமரகுரு இருமினார். நீளமான, குடலைப் பிடுங்கும் அந்த இருமல். அவள் எழுவதற்குள் பாதியில் நின்றது. வழக்கமாக அதற்குப் பின்னால் வரும் விசில் சத்தமும் வரவில்லை.

"ரோகி," என்றார். "பசிக்குது."

அவர் பசி என்று சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. அன்று கஞ்சியை மீதம் வைக்காமல் குடித்தார். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே அழுதாள். அந்த நெடுமூச்சை அவரிடம் சொல்லவில்லை. பிளாடரைக் கழுவித் துடைத்து, பவுடர் தூவி, மேசையில் தட்டையாகப் பரப்பி வைத்தாள். தோலுக்கு எண்ணெய் தடவிப் பக்கத்திலேயே வைத்தாள். பையைச் சரிசெய்து முடித்துவிட்டால் மனது நிலைகொள்ளும் என்று தோன்றியது. ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் மூஞ்சிக்கல் கடைத்தெருவில் ஒரு சேணத்தைக் கொடுத்துவிட்டுக் காய் வாங்கித் திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. சாயங்காலம்கூட ஆகவில்லை, கடைகளில் விளக்கு போட்டிருந்தார்கள். சரிவில் இறங்கிக்கொண்டிருந்தவள் நடுவழியில் நின்றாள்.

தடதட, தடதட, தடதட.

ஸ்பீடு பேக் தட்டும் சத்தம். கை ஒன்று தட்டினால் பை பலகையில் மோதி மோதித் திரும்பும். தேர்ந்த கை தட்டினால் இடையில் மூச்சுவிட இடமிருக்காது. இது தேர்ந்த கை. பனிக்குள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அவருடைய பழைய மாணவர்கள் யாராவது பார்க்க வந்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். வாசலில் வேறு செருப்பு இல்லை.

குமரகுரு பட்டறையில் நின்றிருந்தார். மூக்கில் குழாய் இல்லை. பலகைக்கு அடியில் பூண்டிப் பை உப்பி, கயிறு இழுத்துக் கட்டி, எண்ணெய் மினுங்கத் தொங்கியது. அவர் கைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றின. அவளைப் பார்த்ததும் நிறுத்திச் சிரித்தார்.

"ஆட்டுத்தோல் இல்ல ரோகி. மாடும் இல்ல. சத்தமே புதுசா இருக்கு."

"இதுக்கு யாரு காத்தடிச்சா?"

"நான்தான். ஊதினேன்."

சூடான டீயைக்கூட ஊதி ஆற்றிக் குடிக்க முடியாத மனிதர். அவள் காய்ப்பையைக் கீழே வைத்தாள். உள்ளறையில் மெஷின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிந்திய நாட்களை அவள் நல்ல நாட்கள் என்றுதான் நம்பப் பார்த்தாள். அவர் நடந்தார், சாப்பிட்டார், வாசல்வரை வந்து பேரிக்காய் மரத்தைப் பார்த்தார். பக்கத்து வீட்டு காளியாயி வேலிக்கு அந்தப்புறமிருந்து, "என்னங்க, சார் எந்திரிச்சிட்டாரா! மருந்து மாத்துனீங்களா?" என்று கேட்டபோது ரோகிணி ஆமாம் என்று சொல்லிவைத்தாள். ஆனால் அவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. காது தன் பழைய வேலையை விடவில்லை, இழுப்பைத் தேடியது. அது கிடைக்கவில்லை. கிடைக்காததுதான் குணம் என்று மனது சொன்னது. காது ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு காலை உறைபனி விழுந்திருந்தது. புல் வெளுத்துக் கிடந்தது. இருவரும் வாசல் கம்பியருகே நின்றார்கள். கீழே சாலையில் ஒரு காட்டெருமை நிதானமாகக் கடந்து போனது. அதன் மூக்கிலிருந்து ஆவி குப்குப்பென்று கிளம்பியது. பால்காரரின் வாயிலிருந்து ஆவி வந்தது. அவளே "பாத்துங்க, வழுக்கும்" என்றபோது சொல்லோடு சேர்ந்து வெள்ளையாகப் புகைந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் குமரகுரு.

அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

இன்னொரு முறை பேச வைத்தாள். மரத்தைப் பற்றி, பாலைப் பற்றி. அவர் உதடுகள் அசைந்தன, குரல் வந்தது. அவருக்கு முன்னால் காற்று தெளிவாக, வெறுமையாக இருந்தது. பிறகுதான் இன்னொன்றையும் கவனித்தாள். வாசலில் நிற்கும்போது அவர் குரல் மெலிந்திருந்தது. வீட்டுக்குள் போகப் போகத் தெளிந்தது. பைக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் அது முழுக்குரலாக இருந்தது.

அன்று மத்தியானம் அவர் தூங்கியபோது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்து மெதுவாக அவர் விரலில் மாட்டினாள். எண் வரவில்லை. வெறும் கோடுகள். பேட்டரி போயிருக்கும் என்று தன் விரலில் மாட்டினாள். உடனே எண் வந்தது. திரும்ப அவர் விரலில். கோடுகள்.

மூக்கருகே புறங்கையை வைத்தாள். ஒன்றுமில்லை. போர்வையை விலக்கி நெஞ்சைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டையின் பித்தான்கள் அசையவில்லை.

மெஷினை அணைத்தாள். வீடு திடீரென்று பெரிதாயிற்று. தகரக் கூரையில் பனி சொட்டும் சத்தம். எங்கோ ஒரு வண்டி. அப்புறம், பட்டறையிலிருந்து, தோல் இழுபடும் மெல்லிய முனகல்.

கிறீச்.

கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை. கிறீச்.

திரையை விலக்கினாள். பனி அப்பிய ஜன்னலின் மங்கல் வெளிச்சத்தில் பை தொங்கியது. கொக்கி ஆடவில்லை. பை விம்மியது. தாழ்ந்தது. விம்மியது. தூங்குகிறவரின் நிதானத்தோடு. கயிறு கட்டிய பிளவின் இடுக்கிலிருந்து, ஒவ்வொரு முறை தாழும்போதும், நூல்போல ஆவி கிளம்பியது.

வாசலுக்கு ஓடி வேலப்பனுக்குப் போன் போட்டாள். பல முறை அடித்து ஓய்ந்த பிறகு எடுத்தார். பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம்.

"அண்ணே, அந்தப் பை..."

"நானே பேசணும்னு இருந்தேங்க. முடியல. எங்கண்ணன் போயிட்டாரு. இன்னைக்குக் காரியம்."

"எப்பண்ணே?"

வேலப்பன் கூட்டத்தைவிட்டு விலகி நடப்பது கேட்டது. "அன்னைக்குத்தான். நான் உங்க வீட்டுக்கு வந்துட்டு மேல போறேன், ஆளு இல்ல. அந்தப் பைக்கு எதுத்தாப்புலயே உக்காந்திருப்பாருங்க, எந்நேரமும். சீக்காளி மனுசன், இப்புடியே கெடந்தா என்னத்துக்கு ஆகும்னுதான் அவரு அசந்த நேரம் பாத்துக் கழட்டிக் கொண்டாந்தேன். தப்புப் பண்ணிட்டனோன்னு இருக்கு."

அவள் திரும்பிப் பட்டறைப் பக்கம் பார்த்தாள். "அதுல காத்து எப்பவும் இருந்துச்சா?"

"கொறைஞ்சா எங்க அண்ணிதாங்க ஊதும். நான் சின்னப்புள்ளையில பாத்திருக்கேன். வாய வச்சு ஊதும். அது போயி ரொம்ப வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் பை கொறைஞ்சதே இல்ல."

"அண்ணிக்கு என்ன ஆச்சு?"

"நோவுன்னு ஒண்ணும் இல்லீங்க. நல்லா தாட்டியா இருந்த பொம்பள. கொஞ்சங் கொஞ்சமா வத்திப் போச்சு. கடைசியில தூக்குறப்ப சாக்குத் தூக்குற மாதிரிதான் இருந்துச்சு."

போனை வைத்த பிறகும் அவள் கை காதிலேயே இருந்தது. பையைக் கழற்றிப் பள்ளத்தில் வீசினால் போதும். ஒரு நிமிட வேலை. கழற்றினால் உள்ளே கட்டிலில் இருப்பவர்? மெஷினை மறுபடி போட்டு, குழாயை அவர் மூக்கில் பொருத்தினாள். காற்று வந்தது. இழுக்கத்தான் யாருமில்லை.

அவள் எதையும் செய்யவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. மறுநாளும் அவருக்குச் சாதம் போட்டாள். அவர் சிரித்தால் சிரித்தாள். பட்டறைக்குள் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

பை தொய்யத் தொடங்கியதை அவள் பார்க்கவில்லை, கேட்டாள். அடுப்படியில் நின்றிருந்தபோது தடதடச் சத்தம் தளர்ந்தது. தட... தட. பிறகு தொப்பென்று ஒன்று. எட்டிப் பார்த்தாள். வெளியே பனி ஜன்னலை முழுக்க மூடியிருந்தது. குமரகுரு சுவரோடு சாய்ந்து சரிந்துகொண்டிருந்தார். உதடு நீலம். நகம் நீலம். அவருக்கு மேலே பை, ஒரு பக்கம் குழிந்து, முகம் சுளித்துத் தொங்கியது.

"என்னங்க! என்னங்க!"

வாய் திறந்தது. குரல் இல்லை.

கைகள் தாமாக வேலை செய்தன. கயிற்றை அவிழ்த்தாள். பிளாடரின் கழுத்தை வெளியே இழுத்தாள். சைக்கிள் பம்பின் மூக்கை அதில் நுழைத்து விரலால் இறுக்கி, மறுகையால் அழுத்தினாள். அழுத்தினாள். பை உப்பியது. குழிவு நிமிர்ந்தது. கல்லாக இறுகியது. திரும்பிப் பார்த்தாள்.

அவர் இன்னும் கீழேதான் சரிந்துகொண்டிருந்தார். கண்கள் அவளைப் பார்த்தன. தலை மெல்ல, இல்லை என்று ஆடியது.

கழுத்தை விட்டாள். வெறும் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. ரப்பர் வாசனை மட்டும். பை தொங்கிப் போனது.

பாதி சரிந்த நிலையிலேயே அவர் கையை எட்டித் தூக்கினார். விரல்கள் பிளாடரின் கழுத்தைத் தொட்டன. அதை அவள் பக்கம் திருப்பி நீட்டின. உதடுகள் குவிந்தன.

ஊது.

"வேண்டாங்க. என்னால முடியாதுங்க."

அவர் கெஞ்சவில்லை. பார்த்தார். பைக்கில் அவளைப் பின்னால் உட்காரவைத்து, சால்வையை இழுத்து அவள் காதை மூடிவிட்டுப் பார்ப்பாரே, அதே பார்வை. கண்ணில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

பிளாடரின் குழலைப் பிடித்தாள். வெதுவெதுப்பு. ஈரம். பிளவு பக்கவாட்டில் இருந்ததால் பையோடு முகத்தை ஒட்டித்தான் நிற்க வேண்டியிருந்தது. தோல் கன்னத்தில் பட்டது. பூண்டு. புகை. கண்ணை மூடினாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டாள். குழலை உதட்டில் வைத்தாள்.

அவள் ஊதவில்லை.

அது உறிஞ்சியது.

அடிவயிறு உள்ளே ஒட்டியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. குழலைப் பிடுங்கினாள். உதடு வரவில்லை. இரண்டு கையாலும் பையைத் தள்ளினாள். அது விம்மி, அவள் கன்னத்தை அழுத்தி, இன்னும் விம்மியது. காதுக்குள் ஒரே இரைச்சல்.

ஒரு கண்ணால்தான் பார்க்க முடிந்தது. குமரகுரு எழுந்து நின்றிருந்தார். உதட்டில் சிவப்பு ஏறியிருந்தது. கண் பளபளத்தது. ஒரு காலை முன்னால் வைத்து, தோளைத் தளர்த்தி, தன் பழைய நிலையில் நின்றார். பையையும் அதோடு ஒட்டியிருந்த அவள் முகத்தையும் அளவெடுப்பதுபோலப் பார்த்தார்.

பிறகு, அன்பாகச் சிரித்தபடி, இரண்டு முஷ்டிகளையும் உயர்த்தினார்.